கடைசி உபயோகஸ்தர்

சரித்திரக் கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. யுத்தம் என்று வந்துவிட்டால் வாளின் பிடியில் என்ன ரத்தினம் பதித்திருந்தது, குதிரையின் பிடரி மயிர் எப்படிக் காற்றில் பறந்தது என்று பக்கம் பக்கமாக வர்ணித்துவிடுவோம். அந்தக் குதிரையை விற்றவன் யார், அவன் யாருக்கு விற்கச் சம்மதித்தான், யாருக்கு விற்க மறுத்தான் என்பதை மட்டும் எழுத மாட்டோம். எழுதினால், கதாநாயகன் சேணத்தில் காலை வைப்பதற்குள் வாசகர்கள் தூங்கிவிடுவார்கள் என்ற பயம்தான்.

ஆனால் ராஜாக்களுக்கு அந்தப் பயம் இருக்கவில்லை. விஜயநகரத்துக்கு நல்ல குதிரை கடல் தாண்டித்தான் வர வேண்டும். 1510-இல் போர்ச்சுகீசியர் கோவாவைப் பிடித்ததும் அரபுக் குதிரை வியாபாரத்தின் கடிவாளம் அவர்கள் கைக்குப் போய்விட்டது. விஜயநகரத்துக்கும் அந்தக் குதிரை வேண்டும். எதிரியான பீஜப்பூருக்கும் வேண்டும். 1547-இல் போர்ச்சுகீசியர் விஜயநகரத்துடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள்: கோவாவில் இறங்கும் குதிரைகள் விஜயநகரத்துக்கே, பீஜப்பூருக்கு இல்லை. குதிரை விற்பவனின் கையெழுத்து ஒன்றுக்கு, குதிரை ஏறுகிறவனின் வீரத்தைவிட அதிக மதிப்பு இருந்த காலம் அது. அந்தக் காலம் இன்னும் போய்விடவில்லை என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

நான் சொல்லப் போவது குதிரைக் கதை அல்ல. 1965-க்கும் 1971-க்கும் இடையில் இந்தியாவையும் பாகிஸ்தானையும் சுற்றி நடந்த ஒரு காகிதக் கதை. அந்த இரண்டு யுத்தங்களைப் பற்றியும் நிறையப் படித்திருப்பீர்கள். டாங்கிகளையும் விமானங்களையும் தளபதிகளையும் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் ஒரு மேஜை இருந்தது. மேஜையின் மேல் ஒரு பாரம் இருந்தது. அந்தப் பாரத்தைப் பற்றித்தான் பேச்சு.

ஒரு தேசத்தில் செய்த விமானமோ பீரங்கியோ, ஏன், ஒரு பாரசூட்டோ, இன்னொரு தேசத்துக்குப் போக வேண்டுமானால் லைசென்ஸ் வேண்டும். கம்பெனிக்காரன் சர்க்காருக்கு மனுப் போடுகிறான். சரக்கு என்ன, எத்தனை, என்ன விலை, வாங்குகிறவர் யார், எந்த வழியாகப் போகிறது என்றெல்லாம் அதில் எழுத வேண்டும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: இந்தச் சரக்கைக் கடைசியில் உபயோகிக்கப் போகிறவர் யார்? அந்தக் கடைசி உபயோகஸ்தர், 'இதை நானே வைத்துக்கொள்வேன். உங்கள் சம்மதம் இல்லாமல் வேறு யாருக்கும் கைமாற்ற மாட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். ஆயுதத் தடை என்கிற பெரிய மாளிகை முழுவதும் இந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கிறது.

நம் வீட்டு வழக்கத்தில் சொல்லப் போனால், இது அண்டை வீட்டுக்கு அண்டாவை இரவல் கொடுப்பது போலத்தான். 'உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு மட்டும்' என்று சொல்லிக் கொடுக்கிறோம். அவர்கள் தலையை ஆட்டிவிட்டு வாங்கிப் போகிறார்கள். பத்து நாள் கழித்து அதே அண்டா எதிர் வீட்டில், நமக்கும் பேச்சுவார்த்தை இல்லாத வீட்டில், அடுப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது! கேட்டால், 'ஈயம் பூசக் கொடுத்திருந்தோம்' என்கிறார்கள். சிரிக்காதீர்கள். கிட்டத்தட்ட இதே பதில் சர்வதேச அரங்கிலும் சொல்லப்பட்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தக் கதையின் முதல் வாக்குறுதி 1954-இல் கொடுக்கப்பட்டது. அந்த வருஷம் அமெரிக்கா பாகிஸ்தானுக்கு ராணுவ உதவி கொடுக்கத் தீர்மானித்தது. கம்யூனிஸத்தைத் தடுப்பதற்காக என்று காரணம். பண்டித நேருவுக்குக் கவலை இருக்கும் என்று தெரிந்து, ஜனாதிபதி ஐஸன்ஹோவர் பிப்ரவரியில் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்த ஆயுதங்கள் இந்தியாவின் மேல் ஆக்கிரமிப்புக்காகத் திருப்பப்பட்டால் அமெரிக்கா சும்மா இராது என்பது அதன் சாரம். கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது. ஆனால் டாங்கிகள் கடிதம் படிப்பதில்லை. 1965 செப்டம்பரில் பஞ்சாபில் கேம்கரண் பக்கத்துக் கரும்பு வயல்களுக்குள் வந்தவை அமெரிக்கப் பாட்டன் டாங்கிகள். ஆகாயத்தில் வந்தவை அமெரிக்க ஸேபர் ஜெட்டுகள்.

செப்டம்பர் 8-ஆம் தேதி அமெரிக்கா இரண்டு தேசங்களுக்கும் ஆயுதம் அனுப்புவதை நிறுத்தியது. பிரிட்டனும் நிறுத்தியது. 'இரண்டு பேருக்கும் சமமாக' என்றார்கள். காகிதத்தில் சமம்தான். ஆனால் ஒரு வீட்டில் அரிசி, பருப்பு, உப்பு, புளி எல்லாம் ஒரே கடையில் வாங்குகிறார்கள். இன்னொரு வீட்டில் நாலு கடையில் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு கடையைச் சாத்தினால் இரண்டு வீட்டுக்கும் ஒரே மாதிரியா இருக்கும்? பாகிஸ்தானின் விமானப் படைக்கும் டாங்கிப் படைக்கும் திருகாணி முதற்கொண்டு அமெரிக்காவிலிருந்து வர வேண்டியிருந்தது. இந்தியாவிடம் பிரிட்டிஷ், பிரெஞ்சு, ரஷ்யச் சாமான்கள் கலந்து இருந்தன. சிறிய நாட் விமானம் பெங்களூரிலேயே தயாராகிக்கொண்டிருந்தது. ஆகவே அடி பாகிஸ்தானுக்குத்தான் பலமாக விழுந்தது. அடி விழுந்தவன் வேறு கடை தேடுவான். தேடினான்.

கடை மேற்கு ஜெர்மனியில் இருந்தது. அங்கே விமானப் படையில் பழையதாகிப்போன 90 ஸேபர் ஜெட்டுகள் விலைக்கு இருந்தன. கனடாவில், மான்ட்ரியல் நகரத்துக் கனடேர் தொழிற்சாலையில் செய்தவை. ஜெர்மன் சர்க்கார், 'பதற்றம் நிறைந்த பிரதேசங்களுக்கு ஆயுதம் விற்பதில்லை' என்று கொள்கை வகுத்துக்கொண்டிருந்த சமயம் அது. யுத்தம் முடிந்து ஒரு வருஷம்கூட ஆகாத பாகிஸ்தானை எந்த அகராதியில் பார்த்தாலும் பதற்றப் பிரதேசம்தான். ஆகவே 1966-இல் அந்த 90 விமானங்களையும் ஈரான் வாங்கியது. கடைசி உபயோகஸ்தர்: ஈரான். கைமாற்ற மாட்டோம் என்ற உறுதிமொழி தயார். செய்த தேசமான கனடாவுக்கும் சமாதானம் சொல்லியாயிற்று.

விமானங்கள் போய்ச் சேர்ந்த இடம் பாகிஸ்தான். விஷயம் வெளியே வந்தபோது, ரிப்பேருக்காக அனுப்பியிருக்கிறோம் என்று ஈரான் தரப்பில் பதில் வந்தது. ஈயம் பூசுகிற கதையை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள்! ஒரே சமயத்தில் தொண்ணூறு விமானங்களுக்கு ரிப்பேர்! அமெரிக்க ஸெனட்டில்கூட 1967-இல் இதைப் பற்றிக் காரசாரமாகக் கேள்வி கேட்டார்கள். கேள்வி கேட்டார்கள் என்பதோடு சரி.

இத்தனை பெரிய காரியத்தை நடத்தி வைத்த தரகர் கெர்ஹார்ட் மெர்ட்டின்ஸ் என்பவர். இரண்டாவது உலக யுத்தத்தில் ஜெர்மன் பாரசூட் படையில் இருந்தவர். பிறகு 'மெரெக்ஸ்' என்ற கம்பெனி வைத்து ஆயுத வியாபாரத்தில் இறங்கினார். பாகிஸ்தானுக்கு ஸேபர் வாங்கிக் கொடுத்த இந்த மனுஷர் இந்தியாவுக்கு விரோதி என்று நீங்கள் முடிவு கட்டியிருந்தால், ஒரு நிமிஷம் பொறுங்கள்.

அதே சமயத்தில் நம்முடைய கடற்படைக்கு ஒரு கஷ்டம் இருந்தது. விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் பறப்பதற்கு 'சீ ஹாக்' என்ற பிரிட்டிஷ் ஜெட் விமானங்கள் இருந்தன. கோயம்புத்தூர் பக்கத்துக்காரர்களுக்கு இவற்றைப் பற்றிக் கொஞ்சம் சொந்தம் உண்டு. 1961-இல் கடற்படையின் ஜெட் விமான நிலையம் ஹன்ஸா சூலூரில்தான் ஆரம்பிக்கப்பட்டது. 1964-இல்தான் கோவாவில் உள்ள டபோலிமுக்கு மாறியது. அந்தச் சீ ஹாக் விமானத்தைச் செய்வதையே பிரிட்டன் எப்போதோ நிறுத்திவிட்டது. பழையது எங்கேயாவது கிடைத்தால்தான் உண்டு. கிடைக்கிற இடம் ஜெர்மன் கடற்படை. அங்கே 28 விமானங்கள் இருந்தன. ஆனால் இந்தியாவும் அதே பதற்றப் பிரதேசம்தானே?

இத்தாலி வந்தது. காகிதத்தில் சரக்கு இத்தாலிக்குப் போவதாக எழுதப்பட்டது. 'பில்லெடால்' என்ற ஜெர்மன் கப்பலில் ஏற்றினார்கள். கப்பல் இத்தாலிக்குப் போகவில்லை, இந்தியாவுக்கு வந்தது. இந்த வியாபாரத்தையும் நடத்தி வைத்தவர் யார் என்கிறீர்கள்? அதே மெர்ட்டின்ஸ்! ஒரே தடைக்குள், ஒரே வருஷத்தில், ஒரே தரகர், சண்டை போட்ட இரண்டு தேசத்துக்கும் விமானம் கொடுத்துவிட்டார். இதை நான் ஒரு தொடர்கதையில் எழுதியிருந்தால், பத்திரிகை ஆசிரியர், 'ஸார், கொஞ்சம் நம்பும்படி எழுதுங்கள்' என்று அத்தியாயத்தைத் திருப்பி அனுப்பியிருப்பார்.

பாகிஸ்தான் செய்ததை மோசடி என்றும், நாம் செய்ததைச் சாமர்த்தியம் என்றும் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இரண்டும் ஒரே பாரத்தில், ஒரே வரியில், எழுதிய ஒரே பொய். ஈரானுக்கும் இத்தாலிக்கும் ஆங்கிலத்தில் முதல் எழுத்து ஒன்றுதான் என்பதைத் தவிர வேறு வேடிக்கை எதுவும் இதில் இல்லை.

மெர்ட்டின்ஸ் மேல் பின்னால் ஜெர்மனியில் வழக்குப் போட்டார்கள். 1970-களின் நடுவில் அவர் விடுதலை ஆனார். அவருடைய வாதம் எளிமையானது: 'நான் செய்ததெல்லாம் சர்க்காருக்குத் தெரிந்துதான் செய்தேன், ரகசிய இலாகாவும் என்னோடு சேர்ந்துதான் இருந்தது.' எனக்கு அந்தத் தரகர் மேல் மதிப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அவர் மேல் மட்டும் கோபப்படுவது சுலபமான வேலை. பூட்டைத் திறந்து வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட காவல்காரனைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் அல்லவா?

காவல்காரனின் கதை 1971-இல் அமெரிக்காவில் நடந்தது. அதுதான் எனக்கு இந்த விஷயத்தில் மனசைவிட்டுப் போகாத பகுதி.

அதற்குள் 1965-ஆம் வருஷத்துத் தடை பல ஓட்டைகளோடு தளர்ந்திருந்தது. உயிர்க்கொலைக்கு நேரடியாக உதவாத சாமான்கள், உதிரிப் பாகங்கள் என்று கொஞ்சம் கொஞ்சமாக அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1971 மார்ச் 25-ஆம் தேதி இரவு டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் தன் சொந்த ஜனங்களின் மேல் பாய்ந்தது. பல்கலைக்கழக விடுதிகளில் புகுந்து சுட்டார்கள். ஜனங்கள் எல்லையைத் தாண்டி மேற்கு வங்காளத்துக்கும் திரிபுராவுக்கும் அஸ்ஸாமுக்கும் ஓடி வந்தார்கள். வருஷக் கடைசிக்குள் அப்படி வந்தவர்கள் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர். அந்த ராணுவத்தின் கையிலிருந்த சாமான்களில் பெரும் பகுதி அமெரிக்கச் சாமான்.

வாஷிங்டனில் உத்தரவு போட்டார்கள். புதிதாக லைசென்ஸ் கொடுப்பதில்லை. காலாவதியான லைசென்ஸைப் புதுப்பிப்பதில்லை. சர்க்கார் கிடங்கிலிருந்து சரக்கு கொடுப்பதில்லை. நல்ல உத்தரவு. இதை வைத்துக்கொண்டு, பாகிஸ்தானுக்கு ஆயுதம் போகவில்லை என்று வெளியில் சொல்லிக்கொண்டார்கள். நம்முடைய வெளிநாட்டு மந்திரி ஸ்வரண்சிங் ஜூன் மாதம் வாஷிங்டன் போனபோதும் இப்படிப்பட்ட உறுதிமொழியோடுதான் திரும்பினார்.

அவர் திரும்பிச் சில நாள்தான் ஆகியிருக்கும். ஜூன் 22-ஆம் தேதி 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. 'சுந்தர்பன்ஸ்' என்ற பாகிஸ்தானியக் கப்பல் ராணுவச் சாமான்களோடு மே மாதமே நியூயார்க்கை விட்டுப் போய்விட்டது. 'பத்மா' என்ற இன்னொரு கப்பல் இப்போது புறப்படுகிறது. கப்பல்களின் பெயர்களைக் கவனித்தீர்களா? இரண்டும் வங்காளத்துப் பெயர்கள். ஒன்று அந்த மண்ணின் காடு. மற்றொன்று அந்த மண்ணின் ஆறு. எந்த ஜனங்களை நசுக்குவதற்காகச் சாமான் போயிற்றோ, அந்த ஜனங்களின் ஆற்றின் பெயரையே தாங்கிக்கொண்டு போயிற்று.

பாராளுமன்றத்தில் கூச்சல் எழுந்தது என்று சொல்ல வேண்டுமா? உத்தரவு மீறப்பட்டதா என்று கேட்டார்கள். இல்லை என்பதுதான் இதில் விசேஷம். மார்ச் 25-க்கு முன்னால் கொடுத்த லைசென்ஸுகளை யாரும் ரத்து செய்யவில்லை. உத்தரவு, கொடுக்கப் போவதைத்தான் தடுத்தது, கொடுத்துவிட்டதைத் தொடவில்லை. ஒரு கம்பெனிக்காரன் பிப்ரவரியில் லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தால், காலாவதியாகும் வரையில் சரக்கைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து ஏற்றலாம். சுங்க அதிகாரி கேட்டால் காகிதத்தைக் காட்டலாம். காகிதம் சரியாக இருந்தது. முத்திரை சரியாக இருந்தது. டாக்காவில் என்ன நடந்தது என்பதைக் குறிக்க அந்தப் பாரத்தில் இடம் இல்லை. சட்டப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது!

அந்த லைசென்ஸுகளை ஒரே கையெழுத்தில் ரத்து செய்திருக்கலாம். செய்யவில்லை. ஏன் என்பதற்குப் பதில் பின்னால் வெளியான வெள்ளை மாளிகைத் தஸ்தாவேஜுகளில் இருக்கிறது. ஜனாதிபதி நிக்ஸனும் அவருடைய ஆலோசகர் கிஸிஞ்சரும் அப்போது சீனாவோடு ரகசியமாக உறவு தேடிக்கொண்டிருந்தார்கள். அதற்கு நடுவில் தூது போனவர் பாகிஸ்தானின் யாஹியாகான். தூதுவனின் மனம் கோணக் கூடாது. டாக்காவில் இருந்த அமெரிக்கக் கான்ஸல் ஜெனரல் ஆர்ச்சர் பிளட் ஏப்ரல் 6-ஆம் தேதி, தம் சர்க்காரின் கொள்கை தர்மத்துக்கு விரோதமானது என்று தம்முடைய ஆபீஸ்காரர்கள் எழுதிக் கையெழுத்திட்ட தந்தியை அனுப்பி வைத்தார். அவரைத்தான் அங்கிருந்து மாற்றினார்களே தவிர, கொள்கையை மாற்றவில்லை.

இனி வருகிறவர்களைக் கவனியுங்கள். பிலடெல்பியாவில் சில சாதாரண மனுஷர்கள் இருந்தார்கள். குவேக்கர் மதப் பிரிவைச் சேர்ந்தவர்கள் சிலர், வங்காளிகள் சிலர், மாணவர்கள் சிலர். 'கிழக்கு வங்காளத்தின் நண்பர்கள்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ரிச்சர்ட் டெய்லர் என்பவர் அவர்களில் முக்கியமானவர். பிற்பாடு அந்த அனுபவத்தை ஒரு புத்தகமாகவே எழுதினார். பத்மா கப்பல் பால்டிமோர் துறைமுகத்துக்கு வரப்போகிறது என்று அவர்களுக்குத் தெரிந்தது. அது ஜூலை மாதம். கப்பலைத் தடுக்க வேண்டும். எப்படி? அவர்களிடம் இருந்தவை, ஏரியில் பொழுதுபோக்காகத் துடுப்புப் போடுகிற சின்னஞ்சிறு தோணிகள்தான். அவற்றை எடுத்துக்கொண்டு, ஆயிரக்கணக்கான டன் இரும்புக் கப்பலுக்கு எதிரே போய் நின்றார்கள்!

போலீஸ் படகுகளும் கடலோரக் காவல் படகுகளும் சுற்றி வந்தன. சிலரைக் கைது செய்தார்கள். கப்பல் கரைக்கு வந்துவிட்டது. தடுக்க முடியவில்லை. ஆனால் மறுநாள் பத்திரிகையிலும் டெலிவிஷனிலும் அந்தத் தோணிகள் வந்துவிட்டன. அதுவரையில் லைசென்ஸ் என்பது வாஷிங்டனில் நாலு அதிகாரிகளுக்குத் தெரிந்த சமாசாரம். தோணிகளைப் பார்த்த பிறகு, 'அந்தக் கப்பலில் என்னதான் இருக்கிறது?' என்று சாமான்ய ஜனங்களும் கேட்க ஆரம்பித்தார்கள்.

ஆகஸ்ட் மாதம் 'அல் அஹ்மதி' என்ற கப்பல் பிலடெல்பியாவுக்கு வந்தது. அங்கே துறைமுகத் தொழிலாளர்கள் சரக்கு ஏற்ற மறுத்துவிட்டார்கள். இதன் கனத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவரின் வருமானம் எப்படி என்று தெரிந்திருக்க வேண்டும். கப்பல் வந்தால் கூலி, வராவிட்டால் இல்லை. வந்த கப்பலை வேண்டாம் என்று சொல்வது, அன்றைய சோற்றை வேண்டாம் என்று சொல்வது. அந்த மனுஷர்களில் பெரும்பாலோர் டாக்காவைத் தேசப்படத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களிடம் எந்தப் பாரமும் இல்லை, முத்திரையும் இல்லை. கயிற்றைத் தொட மாட்டோம் என்றார்கள். அவ்வளவுதான்.

கனடாக்காரர்களும் ஒரு காரியம் செய்தார்கள். பத்மா பால்டிமோருக்கு வருமுன் மான்ட்ரியலுக்குப் போயிருந்தது. அங்கே அதற்காக ஸேபர் விமானத்தின் உதிரிப் பாகங்கள் பெட்டி பெட்டியாகக் காத்திருந்தன. கனடா சர்க்கார் லைசென்ஸை நிறுத்திப் பெட்டிகளை ஏற்ற விடாமல் செய்தது. கொடுத்த லைசென்ஸையும் திரும்ப வாங்கலாம் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. அந்த ஸேபர்கள் எவை என்று நினைவிருக்கிறதா? மான்ட்ரியலில் செய்து, ஜெர்மனிக்குப் போய், ஈரானுக்கு என்று எழுதி, பாகிஸ்தானில் 'ரிப்பேருக்கு' நின்ற அதே தொண்ணூறுதான்.

பிலடெல்பியாக்காரர்கள் அதோடு விடவில்லை. கல்கத்தாவில் அகதிகள் பெரிய சாக்கடைக் குழாய்களுக்குள் குடியிருந்தார்கள் அல்லவா? அக்டோபரில் அதே மாதிரிக் குழாய்களைக் கொண்டுவந்து, வெள்ளை மாளிகைக்கு எதிரே உள்ள பூங்காவில் போட்டு, அவற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். கடைசியில் நவம்பர் 8-ஆம் தேதி, மீதி இருந்த லைசென்ஸுகளை ரத்து செய்வதாக அமெரிக்கா அறிவித்தது. மீதி இருந்த சரக்கின் மதிப்பு சுமார் 36 லட்சம் டாலர். யுத்தத்தில் இது ஒரு பெரிய தொகை அல்ல. ஏழரை மாதம் வாதாடிய பிறகு எடுத்த முடிவு என்பதால் தொகை பெரிதாகத் தெரிந்தது.

டிசம்பர் 3-ஆம் தேதி யுத்தம் ஆரம்பமாயிற்று. அடுத்த நாளே விக்ராந்தின் சீ ஹாக்குகள் காக்ஸ் பஜாரின் மேல் பறந்தன. பிறகு சிட்டகாங்கின் மேல். பில்லெடாலில் வந்தவை எத்தனை, பழைய பிரிட்டிஷ் விமானங்கள் எத்தனை என்று பிரித்துச் சொல்லத் தேவையில்லை. இரண்டும் கலந்துதான் அந்தப் படை. அதற்கு முன்பே, நவம்பர் 22-ஆம் தேதி, போய்ரா என்ற இடத்துக்கு மேலே டாக்காவிலிருந்து வந்த ஸேபர்களை நம்முடைய நாட் விமானங்கள் வீழ்த்தியிருந்தன. பாரசூட்டில் குதித்த பாகிஸ்தானிய விமானிகள் இருவர் சிறைப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் 1997-இல் பாகிஸ்தான் விமானப் படைக்கே தலைவரானார். டாக்காவில் நின்ற ஸேபர்கள் அந்த ஜெர்மன் சரக்குதான். ஆக, இத்தாலிக்கு என்று புறப்பட்ட விமானங்களும் ஈரானுக்கு என்று புறப்பட்ட விமானங்களும், ஒரே தரகரின் கணக்குப் புத்தகத்திலிருந்து கிளம்பி, ஐந்து வருஷம் கழித்து வங்காளத்து ஆகாயத்துக்கே வந்து சேர்ந்தன.

இதற்கிடையில் வெள்ளை மாளிகையில் இன்னொரு யோசனை. பாகிஸ்தானுக்கு நேரடியாக விமானம் கொடுக்க முடியாது. ஜோர்டானிடம் அமெரிக்க எஃப்-104 விமானங்கள் இருந்தன. ஜோர்டான் கொடுத்தால் என்ன? சட்டம் தெரிந்த அதிகாரிகள் குறுக்கே வந்தார்கள். அமெரிக்கா தானே ஒரு தேசத்துக்குக் கொடுக்கத் தயாராக இல்லாத ஆயுதத்தை, மூன்றாவது ஆள் அந்தத் தேசத்துக்குக் கைமாற்ற அமெரிக்கா சம்மதம் கொடுக்கக் கூடாது. அதாவது, அண்டாவை இரவல் கொடுத்தவன் வகுத்த விதி. இப்போது அந்த விதியை மீறச் சொல்வது யார்? அண்டாவின் சொந்தக்காரனே! சட்ட விரோதம் என்று தெரிந்தும் பேசியிருக்கிறார்கள் என்பது பிற்காலத்தில் வெளியான பேச்சுப் பதிவுகளில் இருக்கிறது. ஜோர்டானிலிருந்து சுமார் பத்து விமானங்கள் பாகிஸ்தானுக்குப் போய்ச் சேர்ந்தன. யுத்தத்தின் முடிவை அவை மாற்றவில்லை. டிசம்பர் 16-ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் சரணடைந்தது.

அதன் பிறகு சட்டங்கள் கெட்டியாயின. அமெரிக்காவில் 1976-இல் ஆயுத ஏற்றுமதிக்கு என்று ஒரு புதிய சட்டம் வந்தது. ஐக்கிய நாடுகள் சபையில் 2013 ஏப்ரல் 2-ஆம் தேதி ஆயுத வியாபார உடன்படிக்கையின் மேல் ஓட்டெடுப்பு நடந்தது. 154 தேசங்கள் ஆதரித்தன. இந்தியா ஓட்டளிக்காமல் ஒதுங்கி இருந்தது. எதிர்த்து ஓட்டளித்தவை மூன்றே மூன்று. அந்த மூன்றில் ஒன்று ஈரான். தொண்ணூறு விமானங்களை ரிப்பேருக்கு அனுப்பிய ஷாவின் ஈரான் அல்ல, வேறு ஈரான் என்பது தெரியும். இருந்தாலும் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

டாக்காவில் தேஜ்காவ் விமான நிலையத்தின் ஓடுபாதையை இந்திய விமானங்கள் யுத்தத்தின் ஆரம்பத்திலேயே பள்ளம் பள்ளமாக்கிவிட்டன. அங்கிருந்த ஸேபர்கள் மேலே எழும்ப முடியாமல் நின்றுவிட்டன. சரணடைவதற்கு முன்னால், எதிரி கையில் கிடைக்கக் கூடாது என்று பாகிஸ்தானியரே அவற்றைச் சேதப்படுத்தினார்கள். 1972-இல் புதிய பங்களாதேஷின் விமானப் படை மெக்கானிக்குகள் அந்த இடிபாடுகளின் நடுவே உட்கார்ந்தார்கள். ஒன்றின் இறக்கையைக் கழற்றி இன்னொன்றில் மாட்டி, இதன் சக்கரத்தை அதற்குப் போட்டு, சிலவற்றைப் பறக்கச் செய்துவிட்டார்கள். அவர்களுக்கு உதிரிப் பாகம் விற்க எந்த லைசென்ஸும் தேவைப்படவில்லை. எல்லாம் அந்த ஓடுபாதையிலேயே கிடந்தது. புதிய தேசத்தின் கொடி வர்ணத்தைப் பூசிக்கொண்டு அவை டாக்காவின் மேல் பறந்தன. 1966-ஆம் வருஷத்துக் காகிதத்தில் அவற்றின் கடைசி உபயோகஸ்தர் ஈரான்.